கடைமடைக்கும் எட்டட்டும் கண்ணாடி இழை

(சென்னைக்குக் கல்விச் சுற்றுலாவாக வந்திருந்த பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில், அடையாறில் ஆற்றிய உரை)

 

இன்று காலை மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலையும் தெப்பக்குளத்தையும் கண்டீர்கள். பிறகு தியாகராய நகர்க் கடைத்தெருவின் நெரிசலில் புகுந்து வந்தீர்கள். இப்பொழுது அடையாற்றில் அமர்ந்திருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரிந்தவை யாவற்றையும் பார்த்துவிட்டீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று நீங்கள் நடந்துவந்த தெருக்களுக்கு அடியிலே ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றியே நான் சில சொற்கள் கூற விரும்புகிறேன். தொலைபேசி, கைப்பேசி, பிராட்பேண்டு என்று வழங்கும் அகலக்கற்றை ஆகிய மூன்றும் இந்த நகரில் எவ்வாறு வளர்ந்தன, அவை நம் கிராமங்களை எவ்வாறு எட்டின, எங்கே எட்டாமல் நின்றன, நாம் செய்ய வேண்டுவது யாது என்பனவே என் பேச்சின் பொருள்.

இது பட்டணத்தாரின் ஆடம்பரம் என்று எண்ணும் காலம் மலையேறிவிட்டது. கூலி, படிப்பு, மருத்துவம், சமயத்தில் உயிரே கூட, இன்று இந்தக் கம்பியைப் பற்றி நிற்கிறது.

பழைய செய்தியிலிருந்து தொடங்குவோம். 1881-82ஆம் ஆண்டுகளில் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி என்ற ஆங்கிலக் கம்பெனி கல்கத்தா, பம்பாய், சென்னை முதலிய நகரங்களில் தொலைபேசி நிலையங்களை அமைத்தது. சென்னையில் அது அமைந்த இடம் துறைமுகத்தை அடுத்த எர்ரபாலு செட்டித் தெரு. வணிகர்களும் அதிகாரிகளுமே அதன் பயனைப் பெற்றனர். நாடு விடுதலை பெற்றபொழுது, இந்தியா முழுவதிலும் இருந்த இணைப்புகள் ஏறத்தாழ 80,000 மட்டுமே. முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு அவ்வளவுதான். அவற்றிலும் பெரும்பகுதி பெருநகரங்களுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

அதன் பின்னும் வளர்ச்சி மெதுவாகவே நிகழ்ந்தது. 1960ஆம் ஆண்டில்தான் இயக்குநரின் உதவியின்றி, ஒரு நகரிலிருந்து மற்றொரு நகரை நேரே அழைக்கும் எஸ்.டி.டி. வசதி கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதன்முதலாக ஏற்பட்டது. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் வசதி படைத்த குடும்பங்கள்கூட மனுக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. ஒரு தெருவில் ஒரு வீட்டில் தொலைபேசி இருந்தால், அந்தத் தெரு முழுவதற்கும் அதுவே தொலைபேசி. பிரசவச் செய்தியும் சாவுச் செய்தியும் அந்த வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தன. நகரின் நிலையே இதுவாயின், கிராமத்தின் நிலையை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

திருப்பம் 1984இல் உண்டாயிற்று. அவ்வாண்டு மத்திய அரசு சி-டாட் என்ற ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. அயல்நாட்டுத் தொலைபேசி நிலையங்கள் குளிரூட்டிய அறையை நாடின. நம் கிராமங்களோ வெயிலும் தூசும் மின்தடையும் மலிந்தவை. ஆகவே குளிரூட்டி இல்லாமல் இயங்கும் சிறு தொலைபேசி நிலையம் ஒன்றை அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் அமைத்தனர். 128 இணைப்புக் கொண்ட அந்தக் கிராமத் தானியங்கி நிலையம் 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலில் இயங்கத் தொடங்கியது. ஊருக்கு ஏற்ற கருவியை ஊரின் நிலையறிந்து செய்தால் ஊர் வளம் பெறும் என்பதற்கு இது நல்ல சான்று. இதன் பின்னரே மஞ்சள் பலகை தாங்கிய எஸ்.டி.டி. கடைகள் நகரத்தின் மூலை முடுக்குகளிலும், பிறகு தாலுக்காத் தலைநகர்களிலும் தோன்றின. தனக்கென்று தொலைபேசி இல்லாதவனும் சில ரூபாய் கொடுத்துப் பேசலாம் என்ற நிலை வந்தது. பொதுக் கிணறு போன்ற ஏற்பாடு அது.

1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் உரையாடினார். அதுவே இந்திய நாட்டின் முதற் கைப்பேசி அழைப்பு. அதே ஆண்டில் சென்னையிலும் இரண்டு கம்பெனிகள் சேவையைத் தொடங்கின. அந்நாளில் ஒரு நிமிடம் பேசப் பதினாறு ரூபாய் வரை ஆயிற்று. வரும் அழைப்பை ஏற்பதற்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டு மே மாதம் முதல் வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும் நிலைமை அடியோடு மாறியது. கொத்தனாரும் பூக்காரியும் கைப்பேசி வாங்கினர். 2004ஆம் ஆண்டு அக்டோபரில், நாட்டின் கைப்பேசிகளின் எண்ணிக்கை வீட்டுத் தொலைபேசிகளின் எண்ணிக்கையை மிஞ்சியது.

இந்த இடத்தில், நாம் கூடியிருக்கும் அடையாற்றுக்குரிய பெருமை ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், மரங்களும் மான்களும் நிறைந்த வளாகத்தில், 1959இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய தோழர்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். தொலைபேசி இணைப்பு ஒன்றை ஏற்படுத்த அந்நாளில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் பிடித்தது. அந்த முதலுக்கு ஏற்ற கட்டணம் கட்டக்கூடியவர்கள் நாட்டில் நூற்றுக்கு மிகச் சிலரே. செலவைக் குறைக்காமல் வெறும் ஆர்வத்தினால் கிராமத்துக்குத் தொலைபேசி போகாது என்று அவர்கள் தெளிந்தனர். கம்பி இழுப்பதற்கு மாறாக வானலை வழியே வீட்டுக்கு இணைப்புத் தரும் கார்டெக்ட் என்ற முறையை உருவாக்கினர். கோபுரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்கு அது எட்டும். பேச்சையும் இணையத்தையும் ஒருங்கே தரும்.

அந்த முறையைக் கொண்டு மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் 2001ஆம் ஆண்டு முதல் இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. உள்ளூர் இளைஞர்களும் பெண்களுமே அவற்றை நடத்தினர். சான்றிதழுக்கு மனு அனுப்புவது, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணின் படத்தை அனுப்பி ஆலோசனை கேட்பது, பயிர்நோய் பற்றி வினவுவது ஆகியவை அங்கே நடந்தன. எனினும் அந்நிலையங்களுள் பல சில ஆண்டுகளில் மூடப்பட்டன. இணைப்பின் வேகம் குறைவு, வரும்படி போதவில்லை, அதற்குள் கைப்பேசி மலிந்துவிட்டது. மனுவைக் கணினியில் அனுப்பினாலும் அதை ஏற்று விடையளிக்கும் ஏற்பாடு அலுவலகத்தில் நிலைத்திருந்தால்தானே மக்கள் மீண்டும் வருவார்கள்? கருவி மட்டும் போதாது, கருவிக்கு அன்றாட வேலை இருக்க வேண்டும் என்பது மேலூர் நமக்குக் கற்பித்த பாடம்.

இன்னொரு பாடத்தைப் புதுச்சேரிக் கடற்கரை கற்பித்தது. சென்னைத் தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்தது. கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு நாள்தோறும் ஒலிபெருக்கி மூலம் மீனவர்களுக்குச் சொல்லப்பட்டது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில், சிங்கப்பூரில் இருந்த ஒரு நல்லவாடு வாசி, தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை விடுத்தார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அதை அறிவித்தனர். ஆழிப்பேரலை வந்தபொழுது மக்கள் கரையை விட்டு விலகியிருந்தனர்; ஊர் உயிர் பிழைத்தது. தொலைபேசி செய்தியைக் கொண்டுவந்தது உண்மை. ஆயினும் அச்செய்தியை ஒரே நொடியில் ஊர் முழுவதற்கும் பரப்பும் ஏற்பாடு முன்கூட்டியே அங்கு இருந்ததும், அந்தக் குரலை நம்பும் பழக்கம் மக்களுக்கு ஏற்பட்டிருந்ததுமே அவர்களைக் காத்தன.

அன்பர்களே, இந்தச் சேவைகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை உழவர்களாகிய உங்களுக்கு விளக்குவது எளிது. பாசனத்தை நினைத்துப் பாருங்கள். அணையிலிருந்து பெரிய கால்வாய் புறப்படுகிறது. அதிலிருந்து கிளை வாய்க்கால். அதிலிருந்து வயலுக்குச் செல்லும் கண்ணி வாய்க்கால். இணையமும் அப்படியே. மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமில் கடலடிக் கம்பிகள் கரையேறும் நிலையம் ஒன்று இருக்கிறது. 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடலடிக் கம்பி அமைந்தது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி திறந்துவைக்கப்பட்டது. இவையே நம் தலைமதகுகள். மயிர் போன்ற மெல்லிய கண்ணாடி இழைக்குள் ஒளியாகச் செய்தி பாய்ந்து வருகிறது.

கைப்பேசி கம்பியில்லாமல் இயங்குவதாகப் பலரும் நினைக்கிறார்கள். கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடைப்பட்ட சிறு தொலைவுதான் வானலையின் வழி. கோபுரத்திலிருந்து அப்பால் செல்லக் கண்ணாடி இழையே சிறந்த பாதை. கோபுரத்துக்கு நல்ல இழை வந்து சேராவிட்டால், கைப்பேசியில் கோடுகள் நிறையத் தெரிந்தாலும் வேலை நடவாது. கண்ணி வாய்க்கால் அகலமாயிருந்தும் கிளை வாய்க்காலில் நீர் இல்லாத கதைதான்.

தலைமதகுக்கு அண்மையில் உள்ளவனுக்குத் தண்ணீர் பெருகிப் பாய்வதும், கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்து நிற்பதும் நாம் அறியாதவையல்ல. இதிலும் அவ்வாறே நேர்ந்திருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்குப்படி, 2024ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாட்டில் ஏறத்தாழ 120 கோடி தொலைபேசி இணைப்புகள் இருந்தன. அவற்றுள் கம்பி வழி இணைப்புகள் 3 கோடியே 38 இலட்சம். நகரங்களில் நூறு பேருக்கு 133 இணைப்புகளுக்கு மேல். கிராமங்களில் நூறு பேருக்கு 59. இணைப்பு என்பது ஆளின் கணக்கு அன்று, சிம் அட்டையின் கணக்கு. நகரத்தில் ஒருவரே இரண்டு வைத்திருக்கிறார்; கிராமத்தில் ஒரு குடும்பமே ஒன்றைப் பகிர்ந்துகொள்கிறது. அந்த ஒன்றும் பெரும்பாலும் ஆண்மகனின் சட்டைப்பையில் வெளியூர் சென்றுவிடுகிறது. வீட்டில் இருக்கும் தாய்க்கும் மகளுக்கும் எது?

கம்பி வழித் தொலைபேசி மறைந்துவிடும் என்று ஒரு காலத்தில் பலரும் கூறினார்கள். 2006ஆம் ஆண்டையொட்டி 5 கோடியாக இருந்த அந்த இணைப்புகள், 2020இல் 2 கோடியளவுக்கு இறங்கியதும் உண்மையே. பின்னர் அது மீண்டும் ஏறத் தொடங்கியது. காரணம், செம்புக் கம்பியின் இடத்தைக் கண்ணாடி இழை பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்ததுதான். தியாகராய நகரின் கடைகளிலும் மயிலாப்பூரின் வீடுகளிலும் இன்று அந்த இழையே பணம் வாங்கவும் பாடம் கேட்கவும் பயன்படுகிறது.

இந்த இடைவெளியைப் போக்க அரசுகள் வாளாவிருக்கவில்லை. எல்லாப் பஞ்சாயத்துகளுக்கும் கண்ணாடி இழை கொண்டு செல்லும் திட்டத்தை மத்திய அரசு 2011இல் ஏற்றது. பிறகு அது பாரத்நெட் என்று பெயர் பெற்றது. தொலைத்தொடர்புக் கம்பெனிகளின் வருமானத்தில் ஒரு பங்கைக் கொண்டு சேர்ந்த நிதியே அதற்கு ஆதாரம். அதாவது நீங்கள் ஒவ்வொருவரும் கைப்பேசிக்குக் கட்டும் பணத்தில் ஒரு துளி அதில் இருக்கிறது. 2023இல் இத்திட்டத்தை விரிவாக்க ஏறத்தாழ 1,39,000 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. நம் மாநிலத்தில் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் இப்பணிக்கென்றே அமைக்கப்பட்டது. திட்டம் தீட்டப்பட்டபொழுது கணக்கிலிருந்த 12,525 கிராமப் பஞ்சாயத்துகளையும் நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் இணைப்பது அதன் நோக்கம். 2022இல் கன்னியாகுமரி மாவட்டத்தில் பணி தொடங்கிவைக்கப்பட்டது. இழையின் பெரும்பகுதி மின்கம்பங்களின் வழியே செல்கிறது.

ஆகவே, 'எங்கள் ஊருக்குக் கம்பி வந்துவிட்டதா?' என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். 'வந்த கம்பியில் ஒளி ஓடுகிறதா? ஓடும் ஒளியால் ஊரில் யாருக்குப் பயன்?' என்று கேளுங்கள். பஞ்சாயத்து அலுவலகத்தின் சுவரில் ஒரு பெட்டியைப் பொருத்திவிட்டு, அதன் மேல் தூசு படிய விடுவது கட்டிய மதகைத் திறக்காமல் வைப்பதற்கு ஒப்பாகும்.

இதில் ஏழையின் கூலியே சிக்கியிருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேன். 2023ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல், நூறு நாள் வேலைத் திட்டத்தில் தொழிலாளரின் வருகையைக் கைப்பேசிச் செயலியில் படத்துடன் நாளுக்கு இருமுறை பதிவது கட்டாயமாக்கப்பட்டது. அலைவரிசை கிட்டாத ஏரிக்கரையில் வெயிலில் மண் சுமந்த பெண்ணின் உழைப்பு பதிவேறாமற்போனால், அவளுடைய அடுப்புக்கு யார் விடை சொல்வது? நியாய விலைக் கடையில் விரல் ரேகையைக் காட்டிவிட்டு இணைப்புக்காகக் காத்து நிற்கும் முதியவரை நீங்கள் கண்டதுண்டு. 2020-21இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபொழுது, அலைவரிசையைத் தேடி மேட்டிலும் மொட்டை மாடியிலும் ஏறி நின்ற பிள்ளைகளையும் அறிவீர்கள். அரசின் நன்மைகள் கம்பி வழியே வருமானால், கம்பி எட்டாத ஊர் நன்மை எட்டாத ஊர் ஆகிவிடும். இதுதான் நம் முன் உள்ள பெரிய கேள்வி.

இனி, பேரிடர்க் காலம் பற்றிச் சிறிது சொல்வேன். 2015ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் இந்த அடையாறு பெருகிக் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய பகுதிகளில் புகுந்தது. மின்சாரம் நின்றது, பல கோபுரங்களின் மின்கலங்கள் தீர்ந்தன, கைப்பேசிகள் ஊமையாயின. இத்தனை வசதிகள் படைத்த நகரிலேயே, பிள்ளைகள் பெற்றோரின் நிலை அறியாமல் தவித்தனர். 2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைத் தாக்கியபொழுது, ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்கம்பத்தில் செல்லும் இழை, கம்பம் சாய்ந்தால் தானும் அறுபடும் என்பதை மறக்கலாகாது. ஆகவே, கடற்கரை மாவட்டங்களில் உள்ள பஞ்சாயத்துகள் மாற்று மின்வசதி பற்றியும், ஒலிபெருக்கி பற்றியும் மழைக்காலத்துக்கு முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத் தக்கவை சிலவற்றை உங்கள் சிந்தனைக்கு வைக்கிறேன்.

முதலாவது, வழி கொடுப்பது. கம்பி பதிக்கவும் கம்பம் நடவும் உள்ளாட்சிகள் அளிக்கும் அனுமதிக்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வழியுரிமை விதிகளும் ஒழுங்கு வகுத்துள்ளன. விதிப்படி வந்த மனுவைத் தாமதமின்றி முடிவு செய்யுங்கள். அதே வேளையில், தோண்டிய சாலையை முன்போல் மூடித்தரச் செய்வதும் உங்கள் உரிமை, உங்கள் கடமை.

இரண்டாவது, காப்பது. முன்னாளில் நம் ஊர்களில் குடிமராமத்து என்ற ஏற்பாடு இருந்தது. வாய்க்காலை ஊரே தூர்வாரியது. நீர் பங்கிட நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். கண்ணாடி இழைக்கும் அத்தகைய ஒருவர் வேண்டும். இயந்திரம் கொண்டு பள்ளம் பறிப்பவர் முன்னதாகப் பஞ்சாயத்துக்குச் சொல்ல வேண்டும். இழை அறுந்தால் யாரிடம் புகார் செய்வது, எந்த நாளில் செய்தோம், எந்த நாளில் சரியாயிற்று என்பதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எழுதிவைத்த குறைக்கு இருக்கும் வலிமை வாயால் சொன்ன குறைக்கு இல்லை.

மூன்றாவது, பயன்படுத்துவது. பஞ்சாயத்து அலுவலகம் வரை வந்த இழையிலிருந்து பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், நூலகம், நியாய விலைக் கடை ஆகியவற்றுக்கு இணைப்புப் பெற முயலுங்கள். பெண்கள் அச்சமின்றி வந்து பயன்படுத்தத் தக்க இடத்தில், மகளிர் சுய உதவிக் குழுவின் பொறுப்பில் ஒரு சேவை நிலையம் இருப்பின் நலம். மேலூரின் பாடத்தை நினைவிற் கொள்ளுங்கள். நாள்தோறும் பத்துப் பேருக்கு வேலை இருக்கும் நிலையமே நிலைத்து நிற்கும்.

நான்காவது, கற்பிப்பதும் எச்சரிப்பதும். விவசாயிகள் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் உழவர் அழைப்பு மையத்தைத் தமிழிலேயே கேட்கலாம். 2018இல் வெளிவந்த உழவன் செயலி மூலம் மானியத்தையும் சந்தை விலையையும் அறியலாம். ஆனால் நல்ல வாய்க்காலில் பாம்பும் வரும். வங்கியிலிருந்து பேசுகிறோம், போலீசிலிருந்து பேசுகிறோம் என்று மிரட்டி இரகசிய எண்ணைக் கேட்பவர்கள் மலிந்துள்ளனர். அவ்வெண்ணை எவரிடமும் சொல்லலாகாது. பணம் பறிபோனால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு இலாபம். இந்த ஓர் எண்ணைக் கிராம சபையில் உரக்கச் சொல்லி, பஞ்சாயத்துச் சுவரில் எழுதிவைத்தாலே பல குடும்பங்களின் சேமிப்புத் தப்பும்.

பெரியோர்களே! அடையாற்றின் கல்விச்சாலையில் 2022இல் நாட்டின் ஐந்தாம் தலைமுறைச் சோதனைக்களம் உருவாயிற்று. அவ்வாண்டு அக்டோபரிலேயே அச்சேவையும் நாட்டில் தொடங்கியது. 2025 செப்டம்பரில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் உள்நாட்டிலேயே செய்த கருவிகளைக் கொண்டு நான்காம் தலைமுறைச் சேவையைப் பல்லாயிரம் கோபுரங்களில் தொடங்கிவைத்தது. கருவி செய்யும் அறிவு நம்மிடம் இருக்கிறது. கடல் கடந்து வரும் வெள்ளம் சாந்தோமின் கரையில் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கடைமடை வரை கொண்டு சேர்ப்பது பொறியாளர் கையில் பாதி, உங்கள் கையில் பாதி.

நாளை ஊர் திரும்பியதும், உங்கள் பஞ்சாயத்து அலுவலகத்தில் அந்தச் சிறு பெட்டி இருக்கிறதா, அதில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் அன்றே ஒரு மனு எழுதுங்கள். எரிந்தால், அதன் பயனை முதலில் யாருக்குக் கொடுப்பது என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். ஊரார் விடை சொல்வார்கள்.